பழைய பிக்கப், இன்றைய சாலை: சேலத்திலும் ஏற்காட்டு மலையிலும் எஃப்.சி. 150 வைத்து ஓட்ட ஒரு முழுமையான வழிகாட்டி

என்னிடம் இருப்பது 1972-ல் பதிவான மகிந்திரா எஃப்.சி. 150 பிக்கப். மூக்கில்லாத வண்டி. ஓட்டுகிறவர் முன் ஆக்ஸிலுக்கு மேலேயே உட்கார்ந்திருப்பார். இன்ஜின் இரண்டு சீட்டுக்கும் நடுவில் ஒரு தகரப் பெட்டிக்குள் இருக்கும். சேர்வராயன் மலையில், நாகலூர் பக்கம் ஒரு தோட்டத்தில் காபி மூட்டையும் மிளகு மூட்டையும் சுமந்த வண்டி அது. என் கைக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. அஸ்தம்பட்டியிலிருந்து செவ்வாய்ப்பேட்டைக்கு வாரம் இரண்டு மூன்று நடை, மாதத்துக்கு இரண்டு முறை ஏற்காடு. கண்காட்சிக்கு வைத்திருக்கும் வண்டி இல்லை, வேலை பார்க்கிற வண்டி.

இப்படி ஒன்றை வாங்கலாமா என்று கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் இன்ஜினைப் பற்றித்தான் கேட்கிறார்கள். டீசல் இன்ஜின் மாற்றலாமா, பவர் ஸ்டீயரிங் போடலாமா என்கிறார்கள். என் பதில் எப்போதும் ஒன்றுதான். நிற்கிற வேலை (பிரேக்), வெளிச்சம், பெட்ரோல் போகும் வழி, இந்த மூன்றில் மட்டும் கை வையுங்கள். மிச்சத்தைக் கம்பெனி கொடுத்தபடியே விட்டுவிட்டு, அதற்கு ஏற்றபடி ஓட்டக் கற்றுக்கொள்ளுங்கள். கீழே சொல்வது எல்லாம் இந்த ஒரு முடிவிலிருந்து வருவதுதான். எஃப்.சி.யை வைத்துச் சொல்கிறேன். அதே பெட்ரோல் இன்ஜின் உள்ள பழைய ஜீப் பிக்கப்புக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

முதல் படி: வாங்கும் முன் சேஸிஸைப் பாருங்கள், பெயின்ட்டைப் பார்க்காதீர்கள்

மலைத் தோட்டத்து வண்டிகளில் ஒரு வில்லங்கம் உண்டு. பல வண்டிகள் வருடக்கணக்கில் தோட்டத்துக்குள்ளேயே ஓடியிருக்கும். ரோட்டுக்கு வராததால் யாரும் ஆர்.சி. புக்கைப் புதுப்பித்திருக்க மாட்டார்கள். வண்டி தங்கம் மாதிரி இருக்கும், காகிதம் செத்திருக்கும். அதனால் சாவியைக் கேட்பதற்கு முன் புக்கைக் கேளுங்கள். சேஸிஸில் அடித்திருக்கும் எண்ணும் புக்கில் இருக்கும் எண்ணும் ஒன்றா, எரிபொருள் என்ற இடத்தில் பெட்ரோல் என்று இருக்கிறதா, இன்ஜின் எண் பொருந்துகிறதா என்று மூன்றையும் டார்ச் அடித்து நீங்களே பாருங்கள். இடையில் யாரோ டீசல் இன்ஜின் ஏற்றி, புக்கில் ஏற்றாமல் விட்ட வண்டிகள் நிறைய. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி அனுமதி இல்லாமல் இப்படி மாற்றக் கூடாது. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ் முதலில் நோண்டுவது இதைத்தான்.

அடுத்து வண்டிக்கு அடியில் படுங்கள். ஸ்பிரிங் பட்டை பிடித்திருக்கும் இடங்கள், சேஸிஸின் குறுக்குச் சட்டங்கள், முன்பக்கம் கேபின் உட்காரும் மவுண்ட்டுகள், இவற்றை ஒரு சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். ‘டிங்’ என்று கேட்டால் இரும்பு இருக்கிறது. ‘டப்’ என்று கேட்டால் துருவும் பட்டிப் பூச்சும்தான் இருக்கிறது. கதவு, மட்கார்டு எல்லாம் டிங்கரிங் பட்டறையில் தேறிவிடும். சேஸிஸ் தேறாது.

இன்ஜினைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும். ஹரிகேன் என்று பெயர், நான்கு சிலிண்டர், 2,199 சி.சி., 75 குதிரைத்திறனுக்குள். பெட்ரோல் உள்ளே வரும் வால்வு மேலே ஹெட்டில், புகை வெளியே போகும் வால்வு கீழே பிளாக்கில், என்று ஒரு விநோத அமைப்பு. வேகத்துக்கான இன்ஜின் இல்லை. 2,000 சுற்றிலேயே முழு இழுவையையும் கொடுத்துவிடும். காலையில் குளிர்ந்த இன்ஜினை நீங்களே ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். விற்பவர் முன்கூட்டியே சூடு பண்ணி வைத்திருந்தால், இன்னொரு நாள் போங்கள்.

இரண்டாம் படி: காகித வேலை

இங்கே பலர் ஆசையில் தவறு செய்கிறார்கள். 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வாகனங்களுக்கென்று தனிப் பதிவு முறை கொண்டுவந்தது. முதல் பதிவு நடந்து 50 ஆண்டு தாண்டி, மூல வடிவம் மாறாமல் இருந்தால், 20,000 ரூபாய் கட்டி ‘விஏ’ எழுத்துகள் உள்ள தனி எண் வாங்கலாம். கேட்கப் பெருமையாக இருக்கும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, விண்டேஜ் அணிவகுப்பு, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது, இப்படிச் சில காரியங்களுக்கு மட்டுமே ரோட்டுக்கு வரலாம். வணிகத்துக்கு அறவே கூடாது. லீ பஜாருக்குப் போய் இரண்டு மூட்டை ஏற்றிவர நினைப்பவர் அந்தப் பக்கமே போகக் கூடாது. என் வண்டிக்கு வயது ஆகிவிட்டது, இருந்தும் நான் மாற்றவில்லை.

சாதாரணப் பதிவையே வைத்துக்கொண்டால், சொந்த உபயோக வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். 20 ஆண்டு தாண்டிய இலகு ரக வாகனத்துக்கு இந்தக் கட்டணம் 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்ந்தது. பசுமை வரி தனி. சரக்கு வாகனமாகப் பதிவாகியிருந்தால் வருடா வருடம் எஃப்.சி. காட்ட வேண்டும். (வண்டியின் பெயரும் எஃப்.சி., தகுதிச் சான்றும் எஃப்.சி. அலுவலகத்தில் பேசும்போது ‘எஃப்.சி. 150 வண்டிக்கு எஃப்.சி.’ என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.) ஓட்டுநர் உரிமத்தில் சிக்கல் இல்லை. 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வாகனத்தை இலகு ரக உரிமத்தோடு ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது.

புகைச் சான்றுக்குப் பழைய பெட்ரோல் நான்கு சக்கர வண்டிகளுக்கான வரம்பு கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம். கார்புரேட்டர் ஒழுங்காக டியூன் செய்த ஹரிகேன் இதைத் தாண்டாது. வண்டியை நன்றாகச் சூடாக்கி, சோக் முழுதாகத் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே விடுங்கள். இன்சூரன்ஸில் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். சொந்தச் சேதத்துக்கும் வேண்டுமென்றால், ஐந்து வருடம் தாண்டிய வண்டிக்கு மதிப்பை நீங்களும் கம்பெனியும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். வண்டிக்குச் செலவான பில்களைத் தேதிவாரியாக ஒரு கோப்பில் வைத்துக்கொண்டு பேசுங்கள், மரியாதையான ஒரு தொகைக்கு வருவார்கள்.

மூன்றாம் படி: பெட்ரோல் போகும் வழி

இந்த வண்டி பிறந்த காலத்துப் பெட்ரோலில் ஈயம் இருந்தது. 2000-ல் நாடு முழுக்க ஈயம் போய்விட்டது. இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் பழைய ரப்பரைத் தின்னும், கார்க் கேஸ்கெட்டைக் கெடுக்கும், காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து டாங்க்கின் அடியைத் துருவாக்கும். வண்டி வாங்கிய மாதமே டாங்க்கை இறக்கிக் கழுவி, டாங்க்கிலிருந்து கார்புரேட்டர் வரை எல்லா ரப்பர் ஹோஸையும் மாற்றிவிடுங்கள். ‘எத்தனாலுக்குத் தாங்கும் இன்ஜெக்‌ஷன் ஹோஸ்’ என்று கேட்டு வாங்குங்கள். விலை இரண்டு மூன்று மடங்கு இருக்கும். கொடுத்துவிடுங்கள். இந்த வண்டியில் இன்ஜின் உங்கள் முழங்காலுக்குப் பக்கத்தில் இருக்கிறது, அங்கே பெட்ரோல் ஒழுகக் கூடாது. ஏ.சி. பம்ப் என்கிற பெட்ரோல் பம்ப்பின் டயாஃப்ரமும் புதிதாகப் போட வேண்டும். ஒன்றரைக் கிலோ தீயணைப்பான் ஒன்று சீட்டுக்குக் கீழே எப்போதும் இருக்கட்டும்.

எத்தனால் கலந்தால் கார்புரேட்டர் தரும் பெட்ரோல்-காற்றுக் கலவை கொஞ்சம் மெலிந்துபோகும். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெளிர் காவி நிறம் இருந்தால் சரி. வெள்ளையாக வறண்டு கிடந்தால் கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்க வேண்டும்.

ஏப்ரல், மே மாதங்களில் சேலத்தில் வெயில் 40 டிகிரியைத் தொடும். ஐந்து ரோடு சிக்னலில் நின்று நின்று வரும்போது வண்டி இருமி நின்றுவிட்டால், உடனே பிளக்குக்கு மின்பொறி கொடுக்கும் பாயிண்ட்டையோ காயிலையோ சந்தேகப்படாதீர்கள். குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகி, பம்ப் காற்றை இழுத்துக்கொண்டிருக்கும். ஈரத் துணியைப் பம்ப்பின் மேலும் குழாயின் மேலும் போட்டுப் பத்து நிமிடம் காத்திருந்தால் கிளம்பிவிடும். நிரந்தரத் தீர்வு, சைலன்சர் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் போகும் குழாயைத் தள்ளி எடுத்துப் போய், வெப்பம் தாங்கும் உறை சுற்றுவது. கார்புரேட்டருக்குக் கீழே தடித்த ஃபைபர் ஸ்பேசர் ஒன்று வைத்தால் இன்னும் நல்லது.

மேனிஃபோல்டு கேஸ்கெட்டை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். அது ஊதினால் புகை நேராக கேபினுக்குள் வரும். ஏற்காட்டுக் குளிரில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஓட்டுவோம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. இன்ஜின் பெட்டியின் மூடிக்குச் சுற்றிலும் நல்ல ரப்பர் பீடிங் ஒட்டி, உள்பக்கம் வெப்பத் தடுப்பு விரிப்பு போட்டால் சூடும் குறையும், புகையும் வராது.

நான்காம் படி: பிரேக்

மற்ற எல்லாவற்றையும் அவசரமாகப் படித்தாலும் இதை நிதானமாகப் படியுங்கள்.

இந்த வண்டியின் பிரேக் நான்கு சக்கரத்திலும் டிரம். பூஸ்டர் இல்லை. பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலை நான்கு சக்கரத்துக்கும் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில் ஒரே அறை, ஒரே பாதை. நான்கு சக்கரத்தில் எங்கேயாவது ஒரு வீல் சிலிண்டர் ஒழுகினால் நான்குமே போச்சு. எனக்கு அது நடந்தது. வண்டி வாங்கிய இரண்டாம் வருடம், கோரிமேட்டு இறக்கத்தில் பெடல் தரை வரை போனது. மூன்றாம் கியரிலிருந்து இரண்டாம் கியருக்குத் தள்ளி, கை பிரேக்கைப் பிடித்து, ஓரத்தில் இருந்த மணல் குவியலில் ஏற்றி நிறுத்தினேன். பின் இடது வீல் சிலிண்டரின் ரப்பர் கிழிந்திருந்தது. வாங்கும்போது இருந்த அதே ரப்பர்தான். பார்ப்பதற்கு நன்றாக இருக்கிறதே என்று நான்தான் விட்டுவைத்தேன்.

அன்று வண்டியைக் கட்டி இழுத்து வந்த மேஸ்திரி அண்ணன், முப்பது வருடம் ஜீப் வேலை பார்த்தவர், சொன்னார்: “தம்பி, இன்ஜின் ஓடலைன்னா வண்டி ஓரமா நிக்கும். பிரேக் இல்லைன்னா எங்க நிக்கும்?” அதற்குப் பிறகு அவர் சொல்லிக் கொடுத்த வரிசைப்படித்தான் நான் செய்கிறேன்.

முதலில் நான்கு டிரம்மையும் கழற்றி அளந்து, லேத்தில் ஒரே அளவுக்குக் கடைந்து எடுக்க வேண்டும். ஒரே ஆக்ஸிலில் இடது டிரம் ஒரு அளவு, வலது டிரம் ஒரு அளவு என்று இருந்தால் வண்டி பக்கவாட்டில் இழுக்கும். நம் ஊரில் இதற்குக் குறை இல்லை. சங்ககிரியும் நாமக்கல்லும் லாரி ஊர்கள், சேலத்தில் தெருவுக்குத் தெரு லேத் இருக்கிறது. வீல் சிலிண்டரின் உள்பக்கம் குழி விழுந்திருந்தால் ஸ்டெயின்லெஸ் ஸ்லீவ் போட்டுத் தருவார்கள். புதிது கிடைக்கவில்லை என்று தலையில் கை வைக்கத் தேவையில்லை.

அடுத்தது, நான் செய்ததிலேயே பெரிய மாற்றம் என்று சொல்லக்கூடியது, இரட்டை அறை உள்ள டேண்டம் மாஸ்டர் சிலிண்டர். முன் சக்கரங்களுக்கு ஒரு பாதை, பின் சக்கரங்களுக்கு ஒரு பாதை. ஒன்று போனாலும் இன்னொன்று பிடிக்கும். பிற்கால ஜீப்பிலிருந்து எடுத்து, ஒரு பிராக்கெட் அடித்துப் பொருத்தினோம். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. பழைய சிலிண்டரைத் துடைத்து, எண்ணெய் பூசி, அட்டைப் பெட்டியில் வைத்திருக்கிறேன். யார் வேண்டுமானாலும் அதைத் திரும்ப மாட்டிக்கொள்ளலாம். பழைய வண்டியில் எந்த மாற்றம் செய்தாலும் இப்படித் திரும்பிப்போக வழி இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். அதனால்தான் சேஸிஸில் புதிதாக ஓட்டை போடவும், எதையும் வெல்டு வைத்து ஒட்டவும் நான் விடுவதில்லை.

பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்றுங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அது 140 வரை இறங்கிவிடும். மலை இறக்கத்தில் டிரம் அந்தச் சூட்டை எளிதாகத் தொடும். ஆயில் கொதித்தால் குழாயில் குமிழி, குமிழி வந்தால் பெடல் பஞ்சு. டாட் 4 போட்டால் ஈரம் ஏறிய பிறகும் 155 வரை தாங்கும். விலை வித்தியாசம் ஒரு சாப்பாட்டுக் காசுகூட இல்லை.

கை பிரேக் பற்றி ஒரு விஷயம். இந்த வண்டியில் அது பின் சக்கரத்தில் பிடிப்பதில்லை. இழுவையை முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால், புரொபெல்லர் ஷாஃப்ட்டில் உள்ள ஒரு தனி டிரம்மில் பிடிக்கிறது. நின்ற வண்டியைப் பிடித்து வைக்கத்தான் அது. ஓடும்போது சட்டென்று இழுத்தால் கிரவுனும் (ஆக்ஸிலுக்குள் இருக்கும் பல்சக்கரம்) ஜாயின்ட்டும் அடி வாங்கும். உயிர் போகிற அவசரத்தில் மட்டும் இழுங்கள். ஷாஃப்ட்டோ ஆக்ஸிலோ கழன்றால் கை பிரேக்கும் இல்லை என்பதால், சரிவில் நிறுத்தும்போது சக்கரத்துக்கு எப்போதும் கட்டை வையுங்கள்.

ஐந்தாம் படி: வெளிச்சமும் மின்சாரமும்

டைனமோ ஐடிலில் சார்ஜ் செய்யாது. சிக்னலில் நிற்கும்போது ஹெட்லைட் மங்கி, இண்டிகேட்டர் தூங்கி வழியும். அந்தக் காலத்து ரோட்டுக்கு அது போதும். இன்று பின்னால் வருகிறவர் உங்கள் பிரேக் லைட்டைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார். அதனால் ஆல்டர்னேட்டர் போடுங்கள், டைனமோவை எடுத்து வையுங்கள். ஏழு அங்குல வட்ட ஹெட்லைட்டுக்குள் எச்4 ஹாலஜன் பல்பு போட்டு, ரிலே வழியாக நேரடி மின்சாரம் கொடுத்தால் போதும். கண்ணைக் குத்தும் வெள்ளை எல்.ஈ.டி. ஹெட்லைட் வேண்டாம். அந்தப் பழைய கண்ணாடி அதற்காகச் செய்யப்பட்டதில்லை, எதிரில் வருகிறவரின் கண்ணில்தான் அடிக்கும். பின்னால் பிரேக் லைட்டுக்கும் இண்டிகேட்டருக்கும் எல்.ஈ.டி. பல்பு போடலாம், தாராளமாக. பழைய ஓட்டுநர்கள் கை நீட்டித் திரும்புவார்கள். இன்றைக்கு நீங்கள் கையை நீட்டினால் பைக்கில் வருகிற பையன் உங்களைக் கூப்பிடுவதாக நினைப்பான்.

இரு பக்கமும் பெரிய கண்ணாடி, பின்பக்கம் சிவப்பு ஒளிரும் பட்டை, சீட் பெல்ட், இவை கட்டாயம். பெல்ட்டைத் தகர பாடியில் மாட்டாதீர்கள், சேஸிஸ் வரை போகும் பிளேட்டில் மாட்டுங்கள். உங்கள் முழங்காலுக்கும் முன்னால் போகிற லாரிக்கும் நடுவில் ஒரு தகரம்தான் இருக்கிறது என்பது நினைவிருக்கட்டும்.

ஸ்டீயரிங்கில் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் ஆட்டம் இருந்தால் டை ராட் எண்டு, கிங் பின் பேரிங், ஸ்டீயரிங் பாக்ஸ் மூன்றையும் பாருங்கள். ஒரே ஆக்ஸிலில் நைலான் டயரும் ரேடியல் டயரும் கலக்கக் கூடாது. டயரின் பட்டன் நன்றாக இருந்தாலும் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கத் தேதியைப் பார்த்து, ஏழெட்டு வருடம் ஆகியிருந்தால் மாற்றிவிடுங்கள்.

ஆறாம் படி: ஊருக்குள் ஓட்டுவது

கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் போகிறது. நீங்கள் பார்த்துக் கால் வைப்பதற்குள் ஒரு நொடி. அதற்குப் பிறகு, நல்ல ஏ.பி.எஸ். கார் 16 மீட்டரில் நிற்கும். சரியாகச் செட் செய்த டிரம் பிரேக் வண்டிக்கு 28 மீட்டர் வேண்டும். நடுவில் இருக்கிற அந்த 12 மீட்டர்தான் உங்கள் பிரச்சினை. அதை இன்ஜினாலோ டயராலோ ஈடுகட்ட முடியாது, இடைவெளியால்தான் முடியும். முன்னால் போகும் வண்டி ஒரு மின்கம்பத்தைத் தாண்டியதும் ‘நூற்றியொன்று, நூற்றியிரண்டு’ என்று எண்ணுங்கள். ‘நூற்றிநான்கு’ முடிந்த பிறகுதான் நீங்கள் அந்தக் கம்பத்துக்கு வர வேண்டும். மழையில் ‘நூற்றியாறு’ வரை.

நீங்கள் விட்ட இடைவெளியில் ஒரு ஆட்டோ நுழையும். நுழையட்டும். திரும்ப இடைவெளி விடுங்கள். நான்கு ரோட்டிலிருந்து புதிய பஸ் ஸ்டாண்டு வரை நான் கணக்குப் பார்த்ததில், இப்படி எல்லோருக்கும் வழிவிட்டுப் போனால் அதிகமாக ஆவது மூன்று நிமிடம்தான்.

வண்டி காலியாக இருக்கும்போது எடை முழுக்க முன்பக்கம் இருக்கும். பின்பக்கம் பஞ்சு. அழுத்திப் பிரேக் போட்டால் பின் சக்கரம் பூட்டி, வால் வீசும். அதனால் காலி வண்டியாக ஓட்டாதீர்கள். பின் ஆக்ஸிலுக்கு மேலே மூன்று மணல் மூட்டை, மொத்தம் 150 கிலோ, பலகை அடித்து நகராமல் கட்டி வைத்திருக்கிறேன். முதல் முறை ஓட்டிப் பார்த்தபோது இதே வண்டியா என்று இருந்தது. மூக்கு இல்லாததால் திருப்பத்திலும் ஒன்றைக் கவனியுங்கள். உங்களுக்கு நேர் கீழேதான் முன் சக்கரம் இருக்கிறது. செவ்வாய்ப்பேட்டைச் சந்துகளில் கார் மாதிரி முன்கூட்டியே திருப்பினால் பின் சக்கரம் திண்ணையில் ஏறும். மூலையைத் தாண்டி வந்த பிறகு திருப்புங்கள்.

பைபாஸில் இடது ஓரம், 55 முதல் 60. மூன்று கியர் பாக்ஸ், 5.38 கிரவுன் என்பதால் 60-லேயே இன்ஜின் ஏறத்தாழ 2,400 சுற்றில் ஓடிக்கொண்டிருக்கும். 80-க்குத் தள்ளினால் 3,200. ஓடும், ஆனால் ஆயிலைத் தின்னும். சீலநாயக்கன்பட்டி, கொண்டலாம்பட்டி பக்கம் சர்வீஸ் ரோடு இருக்கும் இடத்தில் எல்லாம் அதிலேயே போங்கள். தர்மபுரியிலிருந்து வரும்போது தொப்பூர் இறக்கத்தில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கும் லாரிகள் அங்கே பல விபத்துகளுக்குக் காரணமாக இருந்திருக்கின்றன. உங்களுக்குப் பின்னால் அப்படி ஒன்று வருவதாகத் தோன்றினால் ஓரம் கட்டி அதை முன்னே விட்டுவிடுங்கள்.

ஏழாம் படி: ஏற்காட்டு மலை

சேலம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு 1,500 மீட்டர். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. மேலே போகப் போகக் காற்று மெலிந்து, ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு சக்தி போய்விடும். தண்ணீரும் 95 டிகிரியிலேயே கொதிக்கும். அதனால் ஏறும் முன் ரேடியேட்டர் மூடியின் ரப்பர், ஃபேன் பெல்ட், கூலன்ட் அளவு மூன்றையும் அடிவாரத்துக்கு வருவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். ஒரு கேன் தண்ணீர் கூடவே இருக்கட்டும்.

விடியற்காலை ஆறு மணிக்கு ஏறத் தொடங்குங்கள். இன்ஜினுக்கும் குளிர்ச்சி, ரோடும் காலி. சனி, ஞாயிறு பத்து மணிக்கு மேலும், மே மாதக் கோடை விழா நாட்களிலும் இந்த வண்டியோடு போக வேண்டாம். குரங்குக்குப் பழம் கொடுக்க வளைவிலேயே காரை நிறுத்துவார்கள். ஏற்றத்தில் நின்று நின்று கிளம்பினால் கிளட்ச் பிளேட் ஒரே நாளில் முடிந்துவிடும். குப்பனூர் வழியாகவும் மேலே போகலாம், கூட்டம் குறைவு. ஆனால் அது குறுகலான ரோடு, சரிவும் அதிகம். வண்டி கைக்குப் பழகும் வரை அடிவாரப் பாதையே நல்லது.

ஏற்றம் முழுக்க இரண்டாம் கியர். 25-லிருந்து 30 கிலோமீட்டர் வேகம் வைத்தால் இன்ஜின் தன் இழுவை நன்றாக இருக்கும் இடத்திலேயே ஓடும். கொண்டை ஊசியில் இரண்டாம் கியர் திணறும், அப்போது முதல் கியர் வேண்டும். இங்கேதான் புதியவர்கள் மாட்டுகிறார்கள். இந்த கியர் பாக்ஸில் முதல் கியருக்கு சின்க்ரோ (பற்களின் வேகத்தைத் தானாக ஒன்றாக்கும் அமைப்பு) இல்லை. ஓடும்போது அப்படியே தள்ளினால் பல் கடிக்கும். டபுள் கிளட்ச் கற்றுக்கொள்ளுங்கள். கிளட்ச்சை மிதித்து நியூட்ரலுக்கு வாருங்கள். கிளட்ச்சை விட்டு ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதியுங்கள். திரும்பக் கிளட்ச் மிதித்து முதல் கியருக்குத் தள்ளுங்கள். வேகம் 12-க்குள் இருக்க வேண்டும். வெண்ணெய் மாதிரி விழும். இதை வளைவுக்கு நடுவில் செய்யக் கூடாது, வளைவுக்கு இருபது அடி முன்பே முடித்துவிட வேண்டும். கன்னங்குறிச்சி பக்கம் காலி ரோட்டில் ஒரு வாரம் பழகிவிட்டு மலைக்கு வாருங்கள்.

டிரான்ஸ்ஃபர் கேஸில் லோ கியர் இருக்கிறதே, அதைப் போட்டால் சுலபமாக ஏறுமே என்று தோன்றும். தார் ரோட்டில் போடாதீர்கள். இந்த அமைப்பில் லோ போட்டால் நான்கு சக்கர இழுவையும் சேர்ந்தே விழும். கொண்டை ஊசியில் முன் சக்கரம் அதிக தூரம் சுற்றும், பின் சக்கரம் குறைவாகச் சுற்றும். தார் ரோட்டில் டயர் வழுக்க இடமில்லாமல் ஷாஃப்ட் முறுக்கேறி ஏதாவது ஒன்று உடையும். தோட்டத்து மண் பாதைக்கும் சேற்றுக்கும்தான் அது.

வளைவுக்கு முன் ஹாரன் அடியுங்கள். பஸ் திரும்ப முழு ரோடும் வேண்டும், அது வந்தால் முன்பே நின்று விடுங்கள். மலையில் ஏறும் வண்டிக்குத்தான் முதல் உரிமை. இறங்கும்போது நீங்கள் விட்டுக்கொடுக்க வேண்டும். பின்னால் ஐந்தாறு வண்டி சேர்ந்துவிட்டால், அகலமான இடத்தில் ஒதுங்கி எல்லோரையும் அனுப்பிவிட்டு ஏறுங்கள். நவம்பர், டிசம்பரில் பனிமூட்டமும் மண்சரிவும் உண்டு. 2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயல் மழையில் இந்த மலைப்பாதை சரிந்து போக்குவரத்தே நின்றது. பெருமழை நாட்களில் வண்டி வீட்டில் இருக்கட்டும்.

இறக்கத்தில் கியர் பழைய மலை ஓட்டுநர்கள் சொல்வதுதான்: ஏறிய கியரிலேயே இறங்கு. இரண்டாம் கியரில் விட்டு, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜினே பிடித்துக்கொண்டு வரும். பிரேக்கில் காலை வைத்தபடியே தேய்த்துக்கொண்டு வராதீர்கள். வேகம் 30-ஐத் தாண்டினால் அழுத்தமாக ஒரு மிதி, 20-க்கு வந்ததும் முழுதாக விடுங்கள். விடுகிற அந்த நேரத்தில்தான் டிரம்முக்குக் காற்று கிடைக்கும். கருகிய வாடை வந்தாலோ, பெடல் வழக்கத்தைவிடக் கீழே போனாலோ, அடுத்த அகலமான இடத்தில் நிறுத்திவிடுங்கள். டிரம்மின் மேல் தண்ணீர் ஊற்ற வேண்டாம், விரிசல் விடும். அரை மணி நேரம் தானாக ஆறட்டும்.

நிறுத்தும்போது மலைப்பக்கம் ஓரத்தில், முன் சக்கரத்தை மலைச் சுவரை நோக்கித் திருப்பி, கை பிரேக் போட்டு, ரிவர்ஸ் கியரில் விடுங்கள். கீழ்ப்பக்கம் சக்கரத்துக்குக் கட்டை. கட்டைக்கு ரோட்டோரக் கல்லைத் தேடாதீர்கள். வைத்த கல்லைக் கிளம்பும் அவசரத்தில் எல்லோரும் அங்கேயே விட்டுவிடுகிறார்கள், இருட்டில் வரும் பைக் அதில் ஏறுகிறது. தச்சரிடம் சொல்லி, சில்வர் ஓக் வேண்டாம், வேப்ப மரத்தில் முக்கோணமாக இரண்டு கட்டை அறுத்து வாங்குங்கள். ஓட்டை போட்டு, நான்கு முழக் கயிறு கட்டி, கயிற்றின் மறு நுனியைப் பின்கதவுக் கொக்கியில் மாட்டிவிடுங்கள். வண்டி நகர்ந்தால் கட்டையும் கூடவே இழுபட்டு வரும், மறந்துவிட்டுப் போக முடியாது.

அடிவாரம் வந்ததும் இறங்கி, நான்கு சக்கரத்தின் டிரம் பக்கத்திலும் புறங்கையைக் கொண்டுபோய்ச் சூடு பாருங்கள், தொட வேண்டாம். நான்கும் ஏறத்தாழ ஒரே சூட்டில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் கொதித்தால் அந்தச் சக்கரத்தின் பிரேக் ஷூ டிரம்மில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒன்று மட்டும் ஆறிக் கிடந்தால் அந்தச் சக்கரம் பிரேக்கே பிடிக்கவில்லை. எந்தச் சக்கரம் என்று ஒரு சீட்டில் எழுதி டாஷ்போர்டில் சொருகிவிடுங்கள், மறுநாள் காலை பட்டறையில் முதல் வேலை அதுதான்.